பொட்டு வைத்த ஆறு பிளக்குகள்

என் அருமை மச்சானுக்கு, ஆஸ்டின் டவுனின் பனிமலை அதிபருக்கு, ஈரேழு உலகத்துக் கஞ்சர்களுக்கெல்லாம் மகாராஜனான ஏழுமலைக்கு,

உயிரோடு இருந்தவரை உன்னை வாய் நிறைய ‘நீங்க’ என்றுதான் கூப்பிட்டேன். அக்கா புருஷன் என்கிற மரியாதை. மாசி மாதத்தில் ஒரு விடியற்காலை, தொம்மலூர் மேட்டில் நின்றுபோன வண்டியைக் கிளப்ப ஹேண்டிலைச் சுற்றிச் சுற்றி, அதை மடியில் வைத்துக்கொண்டே பம்பரில் சாய்ந்து செத்துப்போனாயே, அந்த நிமிஷத்தோடு மரியாதை ரத்து. என் கோபம் தீருகிறவரை நீ வெறும் ‘நீ’தான். வழக்குப் போடுவதென்றால் எமன் கோர்ட்டிலேயே போட்டுக்கொள். நான் வந்து வாதாடுகிறேன். அவசரமில்லை.

செத்ததுதான் செத்தாய், பாரம் ஏற்றின ஐஸ் வண்டியோடா சாக வேண்டும்? சேதி கேட்டு நான் சைக்கிளில் பறந்து வந்தபோது வண்டிக்கு அடியிலிருந்து தண்ணீர் சரிவில் ஓடிக்கொண்டிருந்தது. மரத்தூள் தூவி, சாக்குப் போட்டு மூடியிருந்த பாளம் அத்தனையும் உருகி, உன் செருப்பை நனைத்துக்கொண்டு போனது. வேலூரிலிருந்து உன் அண்ணன் வந்து சேருகிறவரை உன்னைக் கிடத்த ஐஸ் வேண்டும் என்றார்கள். ஊருக்கெல்லாம் ஐஸ் சுமந்தவன் வீட்டில் ஒரு கட்டி இல்லை. ஃபாக்டரி மேனேஜர் கௌடர்தான் அனுப்பிவைத்தார். எதில் அனுப்பினார் தெரியுமா? மாட்டு வண்டியில். அது வழியில் எங்கேயும் நிற்கவில்லை.

உன் பிக்கப் வண்டியைப் பற்றி உன்னிடமே சொல்ல வேண்டியதில்லை. ஆனால் இதைப் படிக்கிற நாலு பேருக்குத் தெரியட்டும். யுத்தம் முடிந்து மிலிட்டரி சாமான்களை ஏலம் போட்டபோது எடுத்த வண்டி. அப்போதே அதற்கு ராமாயண காலத்து வயசு. மைல் காட்டுகிற மீட்டர் கடைசி எண்வரை போய், சைபருக்குத் திரும்பி, மறுபடி பாதி தூரம் ஏறி, ஆளை விடு என்று நின்றேவிட்டது. என் கணக்குப்படி அந்த வண்டி சந்திரனுக்குப் போய், அங்கே ஐஸ் இறக்கிவிட்டு, காலிச் சாக்கோடு திரும்பி வந்திருக்கிறது.

ஆறு சிலிண்டர், ஆறு பிளக். பிளக் என்றால் பெரிய தேவரகசியம் இல்லை. பெட்ரோல் ஆவிக்குப் பொறி வைக்கிற விரல் நீளச் சாமான். பொறி ஒழுங்காக விழுந்தால் வண்டி ஓடும். விழாவிட்டால் இருமும். பாரத்தோடு மேடு ஏறும்போது உயிரை விட்டுவிடும். உன்னுடைய பிளக்குகளில் பொறி விழுவது நம் தெருவுக்கு யானை அம்பாரி வருவது போல. வந்தாலும் வரும்.

ஞாயிற்றுக்கிழமையானால் அந்த ஆறையும் கழற்றி, பெட்ரோலில் ஊறவைத்து, கம்பி பிரஷால் தேய்த்து, அக்காவின் கரியடுப்பில் கத்தரிக்காய் சுடுவது போலச் சுட்டு, திரும்ப மாட்டுவாய். சுட்டுச் சுட்டு அவற்றின் முனை மழுங்கி, பீங்கான் விரிசல் விட்டு, பார்க்கவே பரிதாபமாக இருக்கும். இத்தனைக்கும் புத்தம்புது பிளக் ஆறு வீட்டிலேயே இருந்தது. எங்கே? சாமி அலமாரியில்.

ஆயுத பூஜைக்கு எல்லோரும் வண்டிக்குப் பொட்டு வைப்பார்கள். நீ புது பிளக் ஆறு வாங்கி வந்து முருகன் படத்துக்கு முன்னால் வரிசையாக நிறுத்தி, ஒவ்வொன்றுக்கும் சந்தனம், குங்குமம் வைத்தாய். சரி, பூஜை முடிந்ததும் மாட்டுவாய் என்று பார்த்தேன். மாட்டவில்லை. அடுத்த வருஷம் அதே ஆறுக்கு மறுபடி பொட்டு. அதற்கடுத்த வருஷமும். சந்தனம் ஏறி ஏறி அந்த ஆறும் திருநீறு பூசின மடாதிபதிகள் போல ஆகிவிட்டன. தீட்சை கேட்டுப் போனால் கொடுத்திருக்கும்.

“இன்னா மச்சான், இந்த ஆறு சாமியாருங்களையும் எப்போ வேலைக்கு அனுப்பப்போறீங்க?” என்று வருஷா வருஷம் கேட்டேன்.

“பாக்கலாம்டா. இருக்கறது ஓடுதில்ல?” என்பாய்.

அதை நான் தெருவெல்லாம் சொல்லிச் சிரித்தேன். ஏழுமலை மச்சான் தும்மினால்கூடப் பாதியை மிச்சம் பிடித்து வைப்பார் என்றேன். தெருவே சிரித்தது. கூட நின்று நீயும் சிரித்தாய். ஏன் சிரித்தாய்? அந்தக் கேள்விக்குத்தான் இந்தக் கடிதம்.

நீ போன பிறகு வண்டியை நான் எடுத்தேன். பகலிலும் ராத்திரியிலும் சினிமாக் கொட்டகை வாசலில் டிக்கெட் கிழிக்கிற மாபெரும் உத்தியோகம் எனக்கு இருந்தாலும், காலை நேரம் காலிதான். பர்மா எல்லைவரை மிலிட்டரி லாரி ஓட்டினவன் நான். மலைப்பாம்பு குறுக்கே படுத்திருந்தால் ஹாரன் அடித்து எழுப்பி, ஓரமாகப் படுக்கச் சொல்லிவிட்டுப் போனவன். அப்பேர்ப்பட்ட என்னையே உன் வண்டி அவமானப்படுத்திவிட்டது. வைட்ஃபீல்டு ஹோட்டலுக்கு ஏற்றும்போது இமயமலை. போய் இறக்கும்போது கங்கை. அங்கே இருக்கிற பட்லர் வாளியோடு வந்து நின்றான். அது கிண்டலா, உதவியா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

கௌடர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். நல்ல மனுஷர். ஆனால் ஃபாக்டரி அவருடையது இல்லையே.

“ஏனப்பா, நான் ஐஸ் குடுத்து அனுப்பறேன், நீ அங்க போயி நீரு இறக்கறே. ஏழுமலைக்காக இத்தன நாளு பொறுத்தேன். சோமவாரம் பாக்கறேன். அன்னிக்கும் வண்டி நின்னா பேரே வண்டி நோடிக்கறேன். தப்பா நெனக்காதே.”

பேரே வண்டி நோடுவது என்றால் வேறு வண்டி பார்ப்பது. சோமவாரம் என்றால் திங்கட்கிழமை. நடுவில் இருப்பது ஒரு ஞாயிறு. அந்த லோடு போனால் ராஜம்மா அக்கா வீட்டில் உலை வைக்க வேறு வழி கிடையாது என்பது உனக்குத் தெரியும். தெரிந்துதானே செத்தாய்?

மெக்கானிக் பாஷா பாய் பானெட்டைத் திறந்து, காதை வைத்துக் கேட்டு, கையை விரித்தார். “இஞ்சின் கதம் பாய். சிலிண்டரு தேஞ்சிபோச்சி, ரிங்கு போச்சி. எறக்கித்தான் பாக்கணும். ஞாயித்துக்கெழமக்கி நம்பளால ஆவாது.” போகிறபோக்கில் ஒரு வார்த்தை சொன்னார். “பிளக்காச்சும் மாத்திப் பாருங்கோ. இது பிளக்கா, கரிக்கட்டையா?”

நேராக உன் வீட்டுக்கு வந்தேன். சாமி அலமாரியைத் திறந்து கையை நீட்டினேன்.

“அதத் தொடாதே” என்றாள் அக்கா.

“பிளக் மாத்தப்போறேன்க்கா.”

“அது சாமிக்கு வெச்சது.”

“சாமி எந்த வண்டிக்கா ஓட்டுது? முருகனோட மயிலு பிளக் இல்லாமதான் போவுது. புள்ளையாரோட மூஞ்சூறுக்கு பெட்ரோலே வேணாம். இந்த ஊருல பிளக் வேணுங்கறது நம்ம வண்டிக்கு மட்டுந்தான்.”

அவள் சிரிக்கவில்லை. நான் சொல்லி அவள் சிரிக்காத முதல் பேச்சு அது. அலமாரிக்கு முதுகு கொடுத்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“நான்தாண்டா வேணாம்னேன்.”

“இன்னாத்த வேணாம்ன?”

“மாட்ட வேணாம்னேன். அந்த வருஷம் அத வாங்கி வந்து பூஜையில வெச்சாரு. அந்த வாரமே ஐஸ் லோடு கெடச்சிது. அதுக்கு முன்னாடி சோத்துக்கு நாங்க பட்ட பாடு உனக்குத் தெரியும். இது நம்ம வூட்டுக்கு வந்த லச்சுமி, இதக் கழுவி எண்ணெயில முக்காதய்யான்னு சொன்னேன். சிரிச்சாரு. சரி ராஜம், உனக்காக இருக்கட்டும்னாரு. அப்புறம் ஒரு தடவகூட கேக்கல.” முதுகை அலமாரிக் கதவில் இன்னும் அழுத்திக்கொண்டு சொன்னாள். “கேட்டிருந்தா குடுத்திருப்பேண்டா. வண்டி நல்லா இருந்திருந்தா அவரு அன்னிக்கு ஹேண்டிலு போட்டிருக்கமாட்டாரில்ல?”

மச்சான், நீ கஞ்சன் இல்லையா?

அத்தனை வருஷம் நான் உன்னைத் தெருமுனையில் நிற்கவைத்துக் கேலி செய்தபோது, ‘என் பொண்டாட்டி சொன்னா, அதனால மாட்டல’ என்று ஒரு வார்த்தை சொல்ல உன் வாயில் என்ன, கொழுக்கட்டையா இருந்தது? அவள் பேரைக் காப்பாற்ற நீ கஞ்சப் பட்டத்தைத் தலையில் சுமந்தாயா? அப்படியானால் அவள் அறியாமல் ஒருநாள் அந்த ஆறையும் எடுத்து மாட்டிவிட்டு, பழசை அலமாரியில் வைத்துச் சந்தனம் பூசியிருக்கலாமே. யார் பார்த்திருப்பார்கள்? நானாக இருந்தால் அதைத்தான் செய்திருப்பேன். நேர்மையாக இருந்து என்ன கண்டாய்? தொம்மலூர் மேட்டைக் கண்டாய்.

அதைவிடப் பெரிய சங்கடத்தில் என்னை மாட்டிவிட்டுப் போனாய். நினைத்துப் பார். புது பிளக் மாட்டி வண்டி ஓடாவிட்டால் லோடு போகும். ஓடிவிட்டாலோ, ராஜம்மா அக்காவுக்கு நானே தீர்ப்பு எழுதினது போல. இருந்த சாமானை மாட்டியிருந்தால் புருஷன் பிழைத்திருப்பான் என்று வாசலில் தினமும் வண்டி வந்து உறுமிச் சொல்லும். இப்படி ஒரு பொறியில் எந்த எலியும் மாட்டினதில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்காவே விளக்கேற்றி, கற்பூரம் காட்டி, ஆறையும் முறத்தில் எடுத்து வந்தாள். ஈரத்துணியால் சந்தனத்தைத் துடைத்திருந்தாள். “மாட்டுடா. ஓடுதா இல்லியான்னு எனக்கும் தெரியணும்” என்று சொல்லிவிட்டு வாசற்படியில் உட்கார்ந்தாள். நகரவில்லை.

சபையோரே கேளுங்கள், பிளக் மாற்றுவது தேர் இழுப்பதைவிடச் சுலபம், பல் பிடுங்குவதைவிடக் கஷ்டம். முதலில் பிளக்கைச் சுற்றியிருக்கிற குழியில் ஊதி மண்ணை வெளியேற்ற வேண்டும், இல்லாவிட்டால் கழற்றினவுடன் அது சிலிண்டருக்குள் விழும். நான் ஊதின ஊதில் சுதந்திரத்துக்கு முந்தைய தூசி எல்லாம் என் மூக்குக்குள் புகுந்தது. பிறகு வயர். ஆறையும் ஒரேயடியாகப் பிடுங்கினால் எது எதற்கு என்று பிரம்மாவுக்கும் தெரியாது. ஒரு வயரைக் கழற்று, ஒரு பிளக்கை மாற்று, அந்த வயரை மாட்டு, அடுத்ததற்குப் போ. இதைச் செய்யும்போதெல்லாம் நீ வாய்க்குள் முணுமுணுப்பது ஞாபகம் வந்தது. நானும் முணுமுணுத்தேன். நான் முணுமுணுத்ததை இங்கே எழுத முடியாது. எல்லாம் உன்னைப் பற்றியதுதான்.

முதல் ஐந்தும் ஸ்பானருக்குக் கட்டுப்பட்டன. கடைசியில், டாஷ்போர்டுக்குப் பக்கத்தில் ஒளிந்திருந்த ஆறாவது மட்டும் மலைக்கோட்டை மாதிரி அசையவில்லை. மண்ணெண்ணெய் விட்டேன். காத்திருந்தேன். கெஞ்சினேன். ஸ்பானர் வழுக்கி என் விரல் முட்டியைப் பெயர்த்தது. மகாபாரத யுத்தத்தில் சிந்தின மொத்த ரத்தமும் என் ஒரு கையிலிருந்து போனது. அதற்கு மேல் எனக்கு வந்த கோபத்தில் ஒரு திருகு. ‘க்ரீச்’ என்று வந்தது. நன்றி உனக்குத்தான். உன்மேல் இருந்த கோபம் இல்லாவிட்டால் அது வந்தே இருக்காது.

புதுசின் முனையில் இடைவெளி சரியா என்று பார்க்க நீ கட்டைவிரல் நகத்தை வைப்பாயே, எனக்கு அந்த நகம் இல்லை. ரம்பத்து பிளேடை நுழைத்துப் பார்த்தேன். லேசாக உரசிக்கொண்டு போனது. அவ்வளவுதான் வேண்டும். கையாலேயே மரை ஏற்றி, கடைசியில் மட்டும் ஸ்பானரால் ஒரு பிடி. முடிந்தது.

கடைசி வயரைக் கையில் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தேன். படியில் அக்கா. இரண்டு கையையும் மடியில் கோத்துக்கொண்டு, கோர்ட்டில் தீர்ப்புக்குக் காத்திருக்கிறவளைப் போல.

அந்த வயரை நான் மாட்டவில்லை. மாட்டினது போல வைத்து, பானெட்டை மூடினேன்.

வண்டியைக் கிளப்பினேன். ஐந்து சிலிண்டரில் வண்டி ஆடிக்கொண்டு நின்றது. தடக் தடக் என்று தெருவே அதிர்ந்தது.

“புது பிளக்கு போட்டுமா?” என்றாள்.

“பிளக்காவது மண்ணாவதுக்கா. பாஷா பாய் சொன்னது சரி, இஞ்சினே தேஞ்சிபோச்சு. தேவேந்திரன் வந்து வைரத்துல பிளக் செஞ்சி மாட்டினாலும் இது இப்படித்தான். தள்ளாடித் தள்ளாடி எப்படியோ வைட்ஃபீல்டுவரை கொண்டுபோய்ச் சேக்கறேன், பாரு.”

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். ரொம்ப நாளைக்குப் பிறகு அன்றைக்கு வயிறாரச் சாப்பிட்டாள் என்று கேள்விப்பட்டேன்.

திங்கட்கிழமை விடியலில், அக்கா பார்க்க நொண்டிக்கொண்டு கிளம்பி, தெருமுனை திரும்பினதும் நிறுத்தினேன். இஞ்சினை நிறுத்தாமலே பானெட்டைத் தூக்கி வயரைத் தொட்டேன். மச்சான், அந்த ஒரு ஷாக்கில் நம் குலத்தின் ஏழு தலைமுறை முன்னோரும் வரிசையாக நின்று என்னை நலம் விசாரித்தார்கள். இஞ்சினை நிறுத்தி மாட்ட வேண்டும் என்கிற புத்தி அதற்குப் பிறகுதான் வந்தது.

பாரம் ஏற்றிக்கொண்டு தொம்மலூர் மேட்டுக்கு வந்தேன். உன் இடம் வந்தது. வண்டி ஏறிற்று. ஒரு இருமல் இல்லை, ஒரு முனகல் இல்லை. நெய்யில் கத்தி இறங்குவது போல அந்த மேட்டில் அது ஏறிற்று. உச்சியில் நிறுத்திவிட்டு இறங்கி, யாரும் இல்லாத ரோட்டில் உன்னைத் திட்டினேன். எந்த மொழியும் பாக்கி இல்லை. தமிழ் தீர்ந்ததும் கன்னடம், கன்னடம் தீர்ந்ததும் பாஷா பாயிடம் கற்ற உருது. காய்கறிக் கூடையோடு வந்த இரண்டு பெண்கள் ரோட்டின் மறுபக்கம் போய்விட்டார்கள்.

வைட்ஃபீல்டில் பட்லர் வாளியோடு வந்தான். பாளத்தைத் தூக்கி வாளியில் போட்டேன். வாளியின் அடி பெயர்ந்துவிட்டது. கௌடர் லோடை நமக்கே வைத்துவிட்டார்.

அன்றிலிருந்து இதுதான் என் தினசரி நாடகம். போகும்போது தெருமுனையில் வயரை மாட்டுவேன். திரும்பும்போது அதே முனையில் கழற்றுவேன். நொண்டிக்கொண்டு வீட்டுக்கு வருவேன். கொட்டகையில் திரையில் நடிக்கிற எவனும் என் கால் தூசிக்குக் காணமாட்டான் என்று இறுமாந்திருந்தேன்.

போன வாரம் ஒருநாள் அப்படித்தான் வந்து நிறுத்தினேன். அக்கா காபி டம்ளரை நீட்டினாள்.

“டேய், அந்த வயர இன்னும் எத்தினி நாளைக்கி முனையில கழட்டப்போற?”

“எந்த வயரு?”

“அவரு இருந்தப்போ வண்டி இருமும். எப்போ இருமும்னு அதுக்கே தெரியாது. நீ பிளக்கு மாத்தினதுலேருந்து நொண்டுது, ஒரே தாளத்துல. இருமறதுக்கும் நொண்டறதுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியாதா? முனையில நீ பானெட்ட சாத்தற சத்தமும் தெனம் இங்க கேக்குது. அவரு வர்ற சத்தத்துக்கு உலை வெச்சவடா நான்.”

பூமி பிளக்கவில்லை. எவ்வளவோ வேண்டினேன்.

“எப்போலேருந்து தெரியும்?”

“மொத நாளே.”

“அப்புறம் ஏன்க்கா சும்மா இருந்த?”

“எனக்காக ஒருத்தன் இவ்ளோ சிரமப்படறானேன்னு பாத்துக்கினு இருந்தேன்.” பிறகு, வண்டியையே பார்த்தபடி சொன்னாள். “அவரும் எனக்காகத்தான் கேக்காம இருந்தாரு. எனக்கு நல்லது செய்யறேன்னு ஆளாளுக்கு வாய மூடிக்கிறீங்க. நான் சொன்னது தப்புதான். கேட்டிருந்தா குடுத்திருப்பேன். அவரு கேக்காதது அவரு தப்பு. எனக்கும் அவரு மேல கோவந்தாண்டா.”

கேட்டாயா? உன்மேல் கோபப்பட இப்போது வீட்டில் இரண்டு பேர்.

“போயி மாட்டுடா” என்றாள். “அந்த வண்டி ஒழுங்கா ஓடற சத்தத்த இத்தினி வருஷத்துல நான் ஒருநாளும் கேட்டதில்ல.”

மாட்டினேன். கிளப்பினேன். அக்கா மட்கார்டில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். நூல் ராட்டை சுற்றுவது போல மெல்லிசாக ஒரு சத்தம்.

“இவ்ளோ சன்னமாவா ஓடும்?” என்று கேட்டாள். யாரைக் கேட்டாள் என்று தெரியவில்லை. உன்னையாக இருந்தால் பதில் சொல்.

டாக்டர் சொன்னார், உன் இருதயம் முன்னமே பழுதுதான், அன்றில்லாவிட்டால் வேறொரு நாள் என்று. இருக்கலாம். அந்த வேறொரு நாள் எங்களுக்கு வேண்டியிருந்தது, அதைத்தான் சொல்கிறேன். மார் வலிக்கிறது என்றாவது யாரிடமாவது சொன்னாயா? அதையும் அடுப்பில் சுட்டுத் திரும்ப மாட்டிக்கொண்டாயா?

ஆயுத பூஜை வருகிறது. நீ சுட்டுத் தேய்த்த பழைய ஆறையும் அக்கா சாமி அலமாரியில் வைத்துவிட்டாள். அவற்றுக்குத்தான் இனி சந்தனம், குங்குமம் எல்லாம். புது சாமான் எதுவும் அந்தக் கதவுக்குள் போகாது. நான் இங்கே எழுத்து மூலமாகச் சத்தியம் செய்கிறேன்: அடுத்த செட் பிளக் வாங்கினால் வாங்கின அன்றைக்கே மாட்டுவேன், முட்டி பெயர்ந்தாலும் சரி. அக்காவிடம் எதையும் மறைக்கமாட்டேன். உன்னை இனிக் கஞ்சன் என்று எவன் சொன்னாலும், முக்கியமாக நானே சொன்னாலும், வாயிலேயே போடுவேன். தினமும் தொம்மலூர் மேட்டில் ஏறும்போது ஆறு சிலிண்டரும் சேர்ந்து உங்களைக் கூப்பிடும். கேட்டுக்கொண்டிருங்கள்.

கோபம் இன்னும் பாதிகூடத் தீராத,
உங்கள் ராஜத்தின் தம்பி,
உங்கள் மச்சினன்.